நாற்பத்தொன்றாம் வில்லை

க்ளெனிஸ் ட்ரெம்பாத்தின் சமையலறையில் ஒரு கோப்பையை எடுத்தால், அது இருந்த இடத்தில் அதன் வட்டம் தெரியும். கத்திக்குக் கத்தியின் வடிவம், ரொட்டிப் பலகைக்கு ஒரு கட்டம், கெட்டிலுக்கு மூக்கோடு சேர்த்து ஒரு கோடு. எல்லாம் அவளே பச்சைப் பெயின்டில் வரைந்து வைத்தவை. அலமாரியின் நடுத்தட்டில் புருஷன் டெஸ் சுரங்கத்துக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டு டப்பாவுக்கும் ஒரு கோடு உண்டு. அந்த வீட்டுக்கு வந்தவர்கள் தேநீர் குடித்து முடித்தபின் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு முழிப்பார்கள்.

வாரிங்கா என்ற அந்தச் சுரங்க ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. "கட்டில்ல டெஸ்ஸுக்கும் ஒரு கோடு போட்டு வெச்சிருக்காளாம். கொஞ்சம் பொரண்டு படுத்தாலும் இழுத்துக் கோட்டுக்குள்ள விட்ருவாளாம்" என்று பப்பில் பேசிக்கொள்வார்கள். டெஸ்ஸும் பீரைக் குடித்தபடி கூடவே சிரிப்பான். அவன் ரோஷப்படுகிற ஜாதியில்லை.

சிரிப்பவர்களுக்கு அவளுடைய அம்மாவின் கதை தெரியாது. க்ளெனிஸ் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவள் அப்பா நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு மத்தியானம் போன் வந்தது, உடனே கிளம்பி வாருங்கள் என்று. அம்மா வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தாள். கைப்பையைக் கவிழ்த்தாள், மெத்தையைப் புரட்டினாள், கோழிக் கூண்டுக்குள்கூடக் கையை விட்டுத் துழாவினாள். கடைசியில் சாவி சர்க்கரை டப்பாவுக்குள் இருந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கட்டிலுக்கு வேறு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மாவை க்ளெனிஸ் கடைசிவரை மன்னிக்கவில்லை. தேநீரில் சர்க்கரை போடுவதையும் அன்றோடு விட்டுவிட்டாள்.

அப்படிப்பட்டவளைச் சுரங்கத்து விளக்கறைக்கு வேலைக்கு எடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

அவள் வருவதற்கு முன்னால் அந்த அறை ஒரு குப்பைமேடு. ஷிப்ட் மாறும் நேரத்தில் தொப்பி விளக்கை வாங்க ஆட்கள் அதன் ஜன்னலுக்கு முன்னால் வெயிலில் வரிசை கட்டி நிற்பார்கள். சார்ஜ் ஏறிய விளக்கும் ஏறாத விளக்கும் ஒன்றாகக் கிடக்கும். வேலை முடிந்து மேலே வந்தபின் அதே ஜன்னலில் விளக்கைக் கொடுத்துவிட்டு, பக்கத்துப் பலகையில் தன் பித்தளை வில்லையை மாற்றி மாட்ட வேண்டும். பலகையில் இரண்டு பக்கம். ஒன்றில் 'மேலே' என்றும் மற்றதில் 'கீழே' என்றும் எழுதியிருக்கும். சுரங்கத்துக்குள் போகிறவன் தன் எண் போட்ட வில்லையைக் கீழே பக்கம் மாட்டிவிட்டுப் போவான். வெளியே வந்ததும் மேலே பக்கம் மாற்றுவான். கீழே பக்கம் காலியானால்தான் அன்றைய வெடியை வெடிப்பார்கள். அவனவன் வில்லையை அவனவன்தான் தொட வேண்டும். பெற்ற தகப்பனாக இருந்தாலும் மகனுடைய வில்லையைத் தொடக்கூடாது. அந்த ஊரில் சர்ச்சுக்குப் போகாதவன்கூட இந்த ஒன்றை மீறமாட்டான்.

க்ளெனிஸ் முதலில் விளக்குகளை ஒழுங்குபடுத்தினாள். ஒவ்வொரு விளக்குக்கும் சார்ஜ் ஆகும் குழி ஒன்று, குழிக்கு மேலே பெயர். ஜன்னல் வரிசை ஒழிந்தது. வந்தவன் தன் குழியிலிருந்து தானே எடுப்பான், குளித்துவிட்டுப் போகும்போது தானே வைப்பான். ஆட்கள் இதை ரசித்தார்கள். ஊருக்குப் போகும் பஸ் சீக்கிரம் கிளம்பியது. பப்பில் நல்ல நாற்காலி கிடைத்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஒழுங்கில் ருசி கண்டவர்கள் விடமாட்டார்கள். அடுத்தது வில்லைகளில் கை வைத்தாள். குழுவுக்கு ஒரு கம்பி வளையம் செய்து, அந்தக் குழுவின் வில்லைகளை எல்லாம் அதில் கோத்துவிட்டாள். இனி ஒவ்வொருவனும் பலகைக்கு முன்னால் நிற்க வேண்டியதில்லை. ஒருவன் வளையத்தைத் தூக்கி மாட்டினால் குழுவே மேலே வந்ததாகக் கணக்கு. பெர்த் நகரத்திலிருந்து புதிதாக வந்திருந்த மேலாளர் அவளைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார்.

டெஸ்ஸின் குழுவுக்கு மூத்தவன் பண்டிங். வளையத்தை முதல்முதலாகக் கையில் வாங்கியபோது அதைக் குலுக்கிப் பார்த்தான்.

"அம்மணி, எங்கள ஆட்டுக் கெடையாவே ஆக்கிட்டீங்க. கழுத்துல ஒரு மணியும் கட்டி விட்ருங்க."

"ஆடுங்கன்னா சொன்ன பேச்சக் கேக்கும், பண்டிங். போய் மாட்டு."

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வில்லைதான். நாற்பத்தொன்று. அது கீழே பக்கத்துக் கடைசிக் கொக்கியில் கறுத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் எடுக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. சிரில் ஓட்ஜர்ஸ் என்பவருடையது. க்ளெனிஸ் வேலைக்கு வருவதற்கு வெகுநாள் முன்பே, சுரங்கத்தின் அடியில் பழைய மட்டம் ஒன்றில் பாறை சரிந்ததில் அவர் உள்ளே மாட்டிக்கொண்டார். தோண்டிப் பார்த்தார்கள், தண்ணீர்தான் பொங்கி வந்தது. உடம்பு கிடைக்கவில்லை. அந்த மட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். வில்லையைத் தொட வேண்டியவர் அவர்தான். அவர் வரவில்லை. எனவே அது தொங்கியது.

தொங்கியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் வெடிக்கு முன்னால் ஷிப்ட் மேஸ்திரி விக் ஹாக்லி போன் செய்து, "பலகை காலியா?" என்று கேட்பான். "ஒருத்தர் கீழ இருக்கார்" என்று விளக்கறையிலிருந்து பதில் போகும். உடனே விக் சரிவுப் பாதையில் கடைசி வளைவுவரை தன்னந்தனியாக இறங்கிப் போவான். அங்கே நின்று, "சிரில், வெடி!" என்று கூவுவான். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பான். பிறகு ஏறி வந்து வெடிப்பான். வெடித்து முடிந்தால்தான் பஸ் கிளம்பலாம், அதுவரை காத்திருக்கும். புதிதாக வந்தவர்கள் முதல்நாள் சிரிப்பார்கள். இரண்டாம் நாள் சிரிக்கமாட்டார்கள்.

க்ளெனிஸுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு செத்த மனிதருக்காக ஒரு ஷிப்டே தினமும் பஸ்ஸில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? மேலாளரிடம் போய்ச் சொன்னாள், அவரும் தலையாட்டினார். விக்கிடம் அவளேதான் சொல்ல வேண்டியிருந்தது.

"அந்த வில்லைய நீ தொடாத, க்ளெனிஸ்."

"செத்துப் போனவருக்கு எதுக்கு விக் ஒரு கொக்கி?"

"செத்தத நீ பாத்தியா? நான் பாக்கல. கீழ போனதத்தான் பாத்தேன். என் கண்ணு முன்னாடிதான் வில்லைய மாட்டிட்டுப் போனான்."

"அதுக்குத் தெனமும் ஒரு நட நடந்து கூவிட்டு வரணுமா? அந்த நேரத்துல பஸ் ஊருக்கே போய்ச் சேந்துரும்."

"அவனோட வில்லைய அவன்தான் எடுக்கணும். எனக்கும் அதான், உன் புருஷனுக்கும் அதான். அவனுக்கு மட்டும் என்ன வேறயா?"

"மேலாளர் சொல்லிட்டார்."

"அவர் கீழ வேல பாக்கல" என்று சொல்லிவிட்டு விக் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் க்ளெனிஸ் நாற்பத்தொன்றைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டாள். விக் போன் செய்தான். "பலகை காலியா?" "காலி." பிறகு சங்கு ஊதியது, தரை அதிர்ந்தது, பஸ் கிளம்பியது. சூரியன் இறங்குவதற்குள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். அவளுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், அதை ஒளிப்பானேன்.

மறுநாள் காலை விளக்கறைக் கதவைத் திறந்தபோது நாற்பத்தொன்று பழையபடி கீழே பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக் கழற்றினாள். விரல் சில்லென்றது. வில்லை ஈரமாக இருந்தது. மழை பெய்து மாதக்கணக்கான ஊர் அது. குழாயைத் திறந்தால்கூட முதலில் காற்றுதான் வரும். அவள் அதைத் துடைத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். மறுநாளும் அது கொக்கியில் இருந்தது. அதற்கு அடுத்த நாளும் இருந்தது. இழுப்பறை பூட்டியபடியே கிடந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கி நின்றது.

ராத்திரிச் சாப்பாட்டில் அவள் டெஸ்ஸைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான?"

"என்னது நான்தான?"

"நாப்பத்தொண்ண எடுத்து எடுத்து மாட்றது. பூட்டுச் சாவி வீட்டுலதான் கெடக்கு. வேற யாரு எடுப்பா?"

டெஸ் உருளைக்கிழங்கை வெட்டுவதை நிறுத்தினான். அவன் முகத்தில் எப்போதும் இருக்கும் சிரிப்பு இல்லை. "நான் தொடுவேனா அத? என் கை அழுகிப் போகட்டும் க்ளென், நான் தொட மாட்டேன். நீயும் தொடாம இருந்தாத் தேவல."

அவளுக்குப் பயம் வந்தது. பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது. எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருக்கும், இருந்தாக வேண்டும் என்பதை நம்பித்தான் அவள் இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கினாள். இந்த ஒரு பித்தளைத் துண்டு அந்த நிம்மதியைக் குலைத்தது. அவளும் விடவில்லை. காலையில் அது தொங்கும், அவள் கழற்றுவாள். சாயங்காலம் வளையங்கள் மேலே போனதும் மறுபடி தொங்கும், மறுபடி கழற்றுவாள். "காலி" என்று சொல்வாள். இதுவே வாடிக்கையாகிவிட்டது.

இடையில் ஒருநாள் டெஸ் தன் சாப்பாட்டு டப்பாவைக் கீழேயே மறந்து வைத்துவிட்டு வந்தான். அவள் அலமாரி முன்னால் அசையாமல் நின்றாள்.

"நாளைக்கு எடுத்துட்டு வரேன். டப்பாதான?"

"டப்பா இல்ல டெஸ். அந்த வெறுங்கோட்டப் பாத்தா எனக்குத் தூக்கம் வராது. ஏன்னு கேக்காத."

அவன் கேட்கவில்லை. அவளை அவனுக்குத் தெரியும். அதன்பின் அவன் எதை விட்டு வந்தாலும் டப்பாவை மட்டும் கீழே விட்டு வருவதில்லை.

அந்த வியாழக்கிழமை காற்றில்லாமல் புழுங்கியது. பண்டிங் வந்து குழுவின் வளையத்தை மேலே பக்கம் மாட்டிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனான். மற்றக் குழுக்களின் வளையங்களும் ஏறின. கீழே பக்கம் ஒன்றே ஒன்று தொங்கியது. க்ளெனிஸ் அதைக் கழற்றி மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அது எப்போதையும்விட ஈரமாக இருந்தது. பை நனைந்து, தொடை சில்லிட்டது.

போன் அடித்தது.

"பலகை காலியா?"

"காலி, விக்."

"நல்லாப் பாத்தியா?"

"எத்தன தடவ கேப்ப? காலி."

போனை வைத்துவிட்டு விளக்குகளைப் பார்க்கப் போனாள். குளித்து முடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். குழிகளில் எல்லாம் சிவப்புப் புள்ளிகள் எரிந்தன. ஒரு குழி மட்டும் வெறுமையாக இருந்தது. எந்தச் சோம்பேறி இன்னும் குளித்துக்கொண்டிருக்கிறான் என்று எரிச்சலோடு மேலே எழுதியிருந்த பெயரைப் பார்த்தாள். ட்ரெம்பாத் என்று இருந்தது. அவளுடைய கையெழுத்துதான்.

அவள் வெளியே வந்தாள். பஸ்ஸில் எல்லாரும் ஏறியிருந்தார்கள்.

"பண்டிங், டெஸ் எங்க?"

பண்டிங் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "உங்ககிட்ட இல்ல? ஏறி வர்றப்போ பாதி வழில வண்டிய நிறுத்தச் சொல்லி எறங்கிட்டான். டப்பாவ விட்டுட்டேன், ரெண்டாவது வண்டில வரேன்னான்."

"ரெண்டாவது வண்டில வந்தானா?"

பஸ்ஸின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்க வண்டில ஏறல அம்மணி. பண்டிங் வண்டில வந்துட்டான்னு நெனச்சோம்" என்றான் ஒருவன்.

"பண்டிங், நீ வளையத்த மாட்டுனியே."

"வளையம் ஒண்ணுதான, அவன மட்டும் எப்பிடிப் பிரிச்சு..." என்றபடியே பண்டிங் பஸ்ஸிலிருந்து குதித்தான்.

அப்போது சங்கு ஊதியது.

வெடியை இயக்கும் வெடிப் பெட்டி இருக்கும் தகரக் கொட்டகை சுரங்க வாய்க்கு மேலே மேட்டில் இருந்தது. அங்கே போன் இல்லை; விக் சுரங்க வாயிலிருந்து போன் செய்துவிட்டுத்தான் மேலே ஏறுவான். க்ளெனிஸ் ஓடினாள். பண்டிங்கும் பின்னால் ஓடி வந்தான். கனத்த பூட்ஸ் காலை வாரியது. ஓடும்போதே அவள் காலடியில் தரை அதிர்வதற்காகக் காத்திருந்தாள். இதோ, இந்த அடியில் அதிரும், அடுத்த அடியில் அதிரும். சங்கு ஊதி ஓய்ந்தது. ஓய்ந்தபின் வெடிக்க எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரம் கடந்துபோயிற்று. தரை அதிரவில்லை. ஈயின் சத்தம்கூட இல்லை. அந்த அமைதி வெடியைவிட அவளைப் பயமுறுத்தியது.

கொட்டகைக்குள் விக் சாவியைக் கையில் பிடித்தபடி பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தான். அவள் வந்ததும் திரும்பினான். கண் சிவந்திருந்தது.

"இது யாரு வேல? விளையாட ஒரு எடம் இல்லயா ஒங்களுக்கெல்லாம்?"

வெடிப் பெட்டியின் பூட்டு வளையத்தில் ஒரு வில்லை தொங்கியது. அதை எடுக்காமல் பூட்டைத் திறக்க முடியாது. அதிலிருந்து தண்ணீர் சொட்டி, பெட்டியின் இரும்பில் ஒரு கோடு போல இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. க்ளெனிஸ் மேலங்கிப் பைக்குள் கை விட்டாள். பை நனைந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"நீ ஏன் அத எடுக்கல?" என்று அவள் கேட்டாள்.

"அடுத்தவன் வில்லைய நான் எப்பிடித் தொடுவேன்?" என்றான் விக்.

"டெஸ் கீழ இருக்கான், விக்."

அவன் சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு இறங்கி ஓடினான். சரிவுப் பாதையின் கடைசி வளைவில் போய் நின்று பழைய பழக்கத்தில், "சிரில், வெடி!" என்றுதான் கூவினான். வாயில் அதுதான் வந்தது. பிறகுதான் டெஸ்ஸின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். க்ளெனிஸ் சுரங்க வாயில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. நெடுநேரம் கழித்து, கீழே ஒரு சின்ன வெளிச்சம் ஆடி ஆடி ஏறி வந்தது.

டெஸ் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். "என்னய்யா, வண்டியே வரல. நடந்தே சாகணும்னு விட்டுட்டீங்களா?" என்று ஆரம்பித்தவன், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "இந்தா க்ளென், கொண்டாந்துட்டேன், பாரு." டப்பாவை நீட்டினான்.

அவள் அதை வாங்கவில்லை. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்த யாரும் அன்று கேலி பேசவில்லை.

வளையங்களை அவளே வெட்டிப் போட்டாள். பலகைக்கு முன்னால் மறுபடி வரிசை நிற்கிறது, அவனவன் வில்லையை அவனவன் மாட்டுகிறான். வெடிப் பெட்டியில் தொங்கியதை யாரும் எடுக்கவில்லை. மேலாளர் ஒருநாள் கொட்டகைக்கு வந்து கையை நீட்டினார். பின்னால் ஆட்கள் வந்து நின்றார்கள். அவர் கையை மடக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த மாதம் வேறு இடத்தில் புதுப் பெட்டி வைத்தார்கள். அதுவரை வேலை நின்ற நஷ்டத்தை யாரும் அவளிடம் கேட்கவில்லை.

பலகையின் கீழே பக்கம், கடைசிக் கொக்கிக்கு அடியில், க்ளெனிஸ் ஒரு வட்டம் வரைந்திருக்கிறாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த அதே பச்சைப் பெயின்ட்தான். அந்த வட்டத்துக்கு மேல் எதுவும் தொங்குவதில்லை.

சாயங்காலம் போன் அடிக்கும்.

"பலகை காலியா?"

"இல்ல விக். ஒருத்தர் கீழ இருக்கார்."

"சரி. போய்க் கூப்ட்டுட்டு வரேன்."

அவன் போய்க் கூவிவிட்டுத் திரும்பும்வரை அவள் எதையும் அடுக்குவதில்லை, துடைப்பதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வெறும் வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸில் டெஸ் தூங்கி வழிந்துகொண்டிருப்பது தெரியும். சில நாள் அந்தப் பச்சைக் கோடு புதிதாக வரைந்ததுபோல ஈரமாக இருக்கும். அவள் அதையும் துடைப்பதில்லை.